கல்லூரியில் சேர்த்தாயிற்று, அடுத்து என்ன?



மகாராஷ்டிராவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், மும்பைத் தமிழ்ச் சபைகளின் ஜெப விண்ணப்பச் சீட்டுகளில் ஒரே வகையான வரிகள் நிறைந்திருக்கும். மகனுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும். மகளுக்கு வீட்டிற்கு அருகே கல்லூரி அமைய வேண்டும். கட்டணத்துக்குப் பணம் ஆயத்தமாக வேண்டும். சபையார் பாரத்தோடு ஜெபிக்கிறார்கள். இடம் கிடைத்ததும் பெற்றோர் சாட்சி சொல்லுகிறார்கள். ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள். இவையெல்லாம் நன்றே.

ஆனால் அதன்பின் அந்தப் பிள்ளையின் படிப்பைக் குறித்துச் சபையில் பேச்சே எழுவதில்லை. அடுத்த விண்ணப்பச் சீட்டு மூன்று ஆண்டுகள் கழித்து, வேலைக்காக வருகிறது. இடைப்பட்ட காலத்தில் எந்தப் பாடத்தைத் தெரிந்தெடுத்தான், எதில் தவறினான், யாரிடம் ஆலோசனை கேட்டான் என்பதை வீட்டாரும் அறியார், சபையாரும் அறியார். கல்லூரிக் கல்வியில் பிள்ளைகள் இடறிப்போவது பெரும்பாலும் வாசலில் அல்ல, உள்ளே நுழைந்த பிறகே. ஆகையால் சேர்க்கைக்குப் பிந்தைய திட்டத்தைக் குறித்து இக்கட்டுரையில் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

தானியேல் கேட்ட ஆலோசனை

தானியேல் புத்தகத்தின் முதலாம் அதிகாரத்தை நாம் பலமுறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அதைக் கல்விக் கண்ணோடு வாசித்தால் நம் பிள்ளைகளின் நிலை அதில் அப்படியே தெரியும். சொந்த ஊரைவிட்டு அந்நிய நகரத்துக்கு வந்த வாலிபர்கள். தாய்மொழி அல்லாத வேறொரு மொழியிலும் எழுத்திலும் படிப்பு. அதற்கென்று குறிக்கப்பட்ட காலம் மூன்று வருடம். முடிவில் ராஜாவுக்கு முன்பாக நின்று தேறவேண்டும்.

அங்கே தானியேல் என்ன செய்தான்? இருதயத்தில் தீர்மானம்பண்ணினான், அதோடு நின்றுவிடவில்லை. பிரதானிகளின் தலைவனிடம் போய் வேண்டிக்கொண்டான். அவர் ராஜாவுக்குப் பயந்து தயங்கியபோது சோர்ந்து திரும்பாமல், தங்கள்மேல் விசாரிப்புக்காரனாக வைக்கப்பட்டவனிடம் போய்ப் பேசினான். பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி தெளிவான ஒரு திட்டத்தையும் முன்வைத்தான். தேவன் அவர்களுக்கு அறிவையும் ஞானத்தையும் அருளினார் என்பது உண்மை. தங்களை விசாரிக்கிறவன் யார் என்று அறிந்து அவனிடம் மரியாதையோடு கேட்டார்கள் என்பதும் அதே அதிகாரத்தில் எழுதியிருக்கிற உண்மை.

நம் பிள்ளைகளில் எத்தனைபேருக்குத் தங்கள் கல்லூரியின் விசாரிப்புக்காரர் யார் என்று தெரியும்?

பழைய படிப்பு அல்ல இது

பெற்றோர் தலைமுறை அறிந்த கல்லூரிப் படிப்பு எளிதான அமைப்புடையது. பி.காம். என்று சேர்ந்தால் பாடங்கள் யாவும் முன்னமே குறிக்கப்பட்டிருக்கும். மாணவன் தெரிந்தெடுக்க அதிகம் இராது. தேசியக் கல்விக் கொள்கை 2020-ன்படி அமைந்த புதிய முறையை, மும்பை பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளில் 2024-25 கல்வியாண்டில் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கியது. தன்னாட்சிக் கல்லூரிகளில் இது ஓராண்டு முன்னதாகவே வந்துவிட்டது.

இம்முறையில் படிப்பு 'கிரெடிட்' என்னும் அலகால் அளக்கப்படுகிறது. பொதுவாக ஒரு செமஸ்டரில் 15 மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட். ஆய்வகமானால் 30 மணி நேரம். செமஸ்டருக்கு 22 என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 44, மூன்றாண்டில் 132, நான்காண்டில் 176 கிரெடிட். மூன்றாண்டில் பட்டம் பெறலாம். நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ் பட்டம்.

இந்தக் கிரெடிட்டுகள் எல்லாம் ஒரே பாடத்தில் சேர்வதில்லை. 'மேஜர்' என்னும் முதன்மைப் பாடம், 'மைனர்' என்னும் துணைப் பாடம், 'ஓப்பன் எலெக்டிவ்' என்னும் விருப்பப் பாடம், தொழில்திறன் பாடங்கள், மொழிப் பாடங்கள், களப்பணி, நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி என்று பல பிரிவுகள் உண்டு. மைனர் பாடம் அதே துறைக் குழுவிலிருந்தோ வேறு குழுவிலிருந்தோ இருக்கலாம். விருப்பப் பாடமோ மேஜர் சார்ந்த குழுவுக்கு வெளியிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அதாவது வணிகவியல் படிக்கிறவன் கலை அல்லது அறிவியல் பக்கத்திலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தெரிந்தெடுக்கும் உரிமை மாணவன் கையில் வந்துவிட்டது. தெரிந்தெடுக்கும் அறிவோ அவனுக்கு இன்னும் வரவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? நண்பன் எதை எடுத்தானோ அதை எடுக்கும். எதில் மதிப்பெண் எளிதோ அதை எடுக்கும். எந்த வகுப்பு சீக்கிரம் முடிகிறதோ அதை எடுக்கும். மூன்றாண்டு கழித்துச் சான்றிதழைப் பார்த்தால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பாடங்கள் சேர்ந்து நிற்கும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக 1869 முதல் 1909 வரை இருந்த சார்ல்ஸ் எலியட், மாணவரே பாடங்களைத் தெரிந்தெடுக்கும் முறையை விரிவாக்கினார். தெரிந்தெடுக்கும் உரிமை பெருகியபோது வழிகாட்டுகிறவர்களும் தேவைப்பட்டார்கள். 1876-ல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆரம்பகாலத்திலேயே பேராசிரியர்களை மாணவரின் ஆலோசகர்களாக ஏற்படுத்தியது. தெரிந்தெடுப்பும் ஆலோசனையும் சேர்ந்தே வரவேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். நம்மிடம் முதலாவது வந்துவிட்டது. இரண்டாவதை நாமே தேடிப்போக வேண்டியிருக்கிறது.

ஐரோலியிலிருந்து பார்க்கையில்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருந்த பல தமிழ்க் குடும்பங்கள் நவி மும்பைக்கு வந்து ஐரோலியில் வீடு அமைத்திருக்கின்றன. ஆனால் கல்லூரி என்றதும் மனம் பழைய இடத்துக்கே போகிறது. மாட்டுங்காவில் 1937-ல் தொடங்கிய ரூயியா, 1941-ல் தொடங்கிய போத்தார் ஆகிய கல்லூரிகளின் பெயர் நம் வீடுகளில் பெருமையோடு சொல்லப்படுகிறது. 1932-ல் மாட்டுங்காவில் உருவான தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் கல்லூரி சயானில் இருக்கிறது. அச்சங்கத்தின் நிறுவனங்கள் நேரூலிலும் உண்டு. வாஷியில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் கல்லூரி உண்டு. ஐரோலியிலேயே தத்தா மேகே பொறியியல் கல்லூரி உண்டு.

நல்ல கல்லூரி என்ற பெயர் மட்டும் போதாது, பயணத்தையும் எண்ணிப்பாருங்கள். வாஷிக்கும் நேரூலுக்கும் ஐரோலி நிலையத்திலிருந்து டிரான்ஸ் ஹார்பர் ரயிலிலேயே போகலாம். சயானுக்கோ மாட்டுங்காவுக்கோ போகவேண்டுமானால் தானே சென்று மத்திய ரயில் பாதைக்கு மாறவேண்டும். அல்லது பாலம் கடந்து முலுண்டுக்குப் பேருந்தில் போய் அங்கே ரயில் ஏறவேண்டும். காலை ஏழு மணி வகுப்புக்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? மாலையில் வீடு திரும்பிய பிள்ளைக்குப் படிக்க எவ்வளவு பெலன் மீந்திருக்கும்? மும்பை பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். பயணக் களைப்பால் வகுப்பு தவறினால் தேர்வு எழுதும் உரிமைக்கே ஆபத்து வரும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று நம் ஆண்டவர் போதித்தாரே. பணக்கணக்கோடு நேரக்கணக்கும் அதில் அடங்கும்.

செய்தியை அறியாமையும் இழப்பைத் தரும். 2024-ல் பி.எம்.எஸ்., பி.பி.ஏ., பி.சி.ஏ. ஆகிய படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்தன. அவற்றுக்கு மகாராஷ்டிரா பொது நுழைவுத் தேர்வு வேண்டும் என்றாயிற்று. அதை அறியாமல் அநேக மாணவர் முதல் தேர்வைத் தவறவிட்டார்கள். அவ்வாண்டில் மறுமுறையும் தேர்வு நடத்தவேண்டியதாயிற்று. சில கல்லூரிகள் அதே வகைப் படிப்பைப் பி.காம். என்ற பெயரில் நடத்தத் தொடங்கின. ஆகையால் பன்னிரண்டாம் வகுப்பின் ஜனவரி மாதத்திலேயே, விரும்பும் படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டா, அதன் சரியான பெயர் என்ன என்று விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. மாணவன் பெறும் கிரெடிட்டுகள் 2021-ல் தொடங்கப்பட்ட கல்வி கிரெடிட் வங்கியில் சேர்த்து வைக்கப்படுகின்றன. அதற்கான எண்ணை ஆதார் விவரங்களைக்கொண்டு பெறவேண்டும். நாமோ தமிழ்நாட்டு வழக்கப்படி தகப்பன் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுகிறோம். மகாராஷ்டிரா விண்ணப்பங்களோ மாணவன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர், தாயின் பெயர் என்று தனித்தனியாகக் கேட்கின்றன. ஆதாரில் ஒருவிதம், பள்ளிச் சான்றிதழில் வேறுவிதம் என்று இருந்தால் கணக்குப் பொருந்தாமல் போகும்.

இன்னும் ஒன்று. ஞானஸ்நானம் எடுத்தபின் சபையில் புதுப்பெயரால் அழைக்கப்படுகிற பிள்ளைகள் உண்டு. சபையில் அழைக்கும் பெயர் ஒன்றாகவும் சான்றிதழில் உள்ள பெயர் வேறாகவும் இருப்பதில் குற்றமில்லை. ஆனால் ஒரு ஆவணத்தில் மட்டும் பெயரை மாற்றிவிட்டு மற்றவற்றை விட்டுவிடாதீர்கள். கல்லூரியில் சேருமுன்பே எல்லா ஆவணங்களையும் ஒரே மேஜையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடையில் திறந்திருக்கும் வாசல்

புதிய முறையில் ஓராண்டு முடித்து வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டு முடித்து வெளியேறினால் டிப்ளமோ என்ற ஏற்பாடு உண்டு. வெளியேறும்போது தொழில்திறன் பாடமாகவோ பயிற்சியாகவோ கூடுதலாக 4 கிரெடிட் முடிக்கவேண்டும். மூன்றாண்டுக்குள் திரும்பச் சேரலாம். முதலிலிருந்து ஏழாண்டுக்குள் பட்டத்தை முடிக்கவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வகுத்த அமைப்பு சொல்கிறது.

நோயினாலோ, தகப்பன் வேலை இழந்ததினாலோ படிப்பை நிறுத்த நேரிடும் பிள்ளைக்கு இது உண்மையாகவே ஒரு கிருபை. முன்பானால் இரண்டாண்டு படித்தும் கையில் ஒன்றும் இராது; இப்பொழுது பெற்ற கிரெடிட் காக்கப்படுகிறது. ஆனால் அவசியமின்றி இந்த வாசல் வழியே போகிறவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். ஓராண்டுச் சான்றிதழ் பட்டம் ஆகாது. வங்கி எழுத்தர் தேர்வுக்கும் மத்திய அரசின் பட்டதாரி நிலைத் தேர்வுகளுக்கும் குடிமைப்பணித் தேர்வுக்கும் பட்டமே கேட்கிறார்கள். சம்பளம் வாங்கப் பழகிய பிள்ளை வகுப்பறைக்குத் திரும்புவது எளிதல்ல.

இரண்டு சூழ்நிலைகளை வெளிப்படையாகச் சொல்வது நல்லது. மகளுக்கு நல்ல வரன் வந்தது என்று இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்தும் வீடுகள் நம்மிடையே உண்டு. அப்படி நேர்ந்தால், திரும்பச் சேரும் காலக்கெடுவை மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்னதாகவே பேசி உறுதிசெய்யுங்கள். ஓராண்டு காத்திருக்கக்கூடுமானால் பட்டத்தை முடித்தபின் மணமுடிப்பது அதைவிட நலம். அடுத்தது, வாலிபர் முகாமில் தங்களை முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்து, அடுத்த மாதமே கல்லூரியை விட்டு வேதாகமக் கல்லூரிக்குப் போக விரும்பும் பிள்ளைகள். அழைப்பை ஒருவரும் அவித்துப்போடக் கூடாது. என்றாலும் தேவன் மோசேயை எகிப்தின் சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டவனாக எடுத்துப் பயன்படுத்தினார் என்பதை மறவாதீர்கள். மெய்யான அழைப்பு இன்னும் மூன்று செமஸ்டர் கழித்தும் மாறாது. தொடங்கின பட்டத்தை முடித்து வருகிற ஊழியனுக்கு அந்த உண்மையே ஒரு சாட்சி.

நான்காம் ஆண்டைக் குறித்தும் முன்னமே யோசிக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டம் பெற்றவருக்கு முதுகலை இரண்டாண்டு. நான்காண்டு முடித்தவருக்கு ஓராண்டு முதுகலை வகுக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் வேண்டுமானால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் இருக்கவேண்டும். ஆறாம் செமஸ்டரில் இதைக் கேள்விப்படுகிறவன் என்ன செய்யக்கூடும்? முதல் செமஸ்டரிலேயே அறிந்தவனுக்கே அது பயன்படும்.

பின்வரிசையில் அமரும் பிள்ளை

மும்பையில் கல்லூரி மாணவர் யாவரும் அறிந்த சொல் ஏ.டி.கே.டி. ஒரு பாடத்தில் தவறினாலும் அடுத்த வகுப்புக்குப் போய், தவறியதைப் பின்னர் எழுதித் தேறும் ஏற்பாடு அது. 'கே.டி. விழுந்துவிட்டது' என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்வார்கள், வீட்டில் சொல்லமாட்டார்கள். ஏன் சொல்வதில்லை?

சாட்சி நேரத்தில் 90 சதவீதம் வாங்கிய பிள்ளையை மேடைக்கு அழைக்கிறோம். கைதட்டித் தேவனை மகிமைப்படுத்துகிறோம். இரண்டு பாடத்தில் தவறிய பிள்ளை பின்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தன் தோல்வி பெற்றோரின் சாட்சியைக் கெடுத்துவிடும் என்று நினைத்து மறைக்கிறது. ஒரு செமஸ்டரின் நிலுவை மறு செமஸ்டரோடு சேர்ந்து பாரமாகிறது. ஒருநாள் அடுத்த ஆண்டுக்கு அனுமதி இல்லை என்ற செய்தி வரும்போதுதான் பெற்றோர் அறிகிறார்கள். அப்பொழுது வீட்டில் எழுகிற கோபம், அந்தப் பிள்ளை உதவி கேட்கக்கூடிய கடைசி வாசலையும் அடைத்துவிடுகிறது.

அன்பான தகப்பன்மாரே, ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் மதிப்பெண் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. பிள்ளையையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். முதல் கேள்வி 'எவ்வளவு வாங்கினாய்' என்று இருக்கவேண்டாம். 'எது உனக்குக் கடினமாயிருக்கிறது' என்று இருக்கட்டும். நிலுவைப் பாடம் எத்தனை இருந்தால் அடுத்த ஆண்டுக்குப் போகலாம் என்ற விதி படிப்புக்குப் படிப்பு வேறுபடலாம். அதை முதல் மாதத்திலேயே கல்லூரியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

யாரிடம், எதைக் கேட்பது?

கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய மதிப்பீட்டு அமைப்பான நாக், ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விவரத்தைக் கல்லூரிகளிடம் கேட்கிறது. ஆகையால் பல கல்லூரிகளில் 'மென்டார்' என்னும் ஆசிரியர் ஒவ்வொரு மாணவனுக்கும் குறிக்கப்பட்டிருப்பார். அவரே நம் பிள்ளையின் விசாரிப்புக்காரர். அநேகர் பெயரளவில் மட்டும் அறிந்திருக்கும் அவரை நேரில் போய்ப் பாருங்கள். முதல் செமஸ்டரிலேயே கேட்கவேண்டியவை இவை:

1. ஆறு செமஸ்டருக்கும் உரிய பாடப்பட்டியல் எங்கே கிடைக்கும்?
2. இந்த மைனர் பாடம் எந்த மேற்படிப்புக்கு அல்லது வேலைக்கு உதவும்? பின்னர் மாற்றக்கூடுமா?
3. விருப்பப் பாடங்களில் இவ்வாண்டு உண்மையில் நடத்தப்படுபவை எவை?
4. அரசின் 'ஸ்வயம்' இணையவழிப் படிப்புகளில் பெறும் கிரெடிட்டை இக்கல்லூரி ஏற்குமா?
5. நிறுவனப் பயிற்சி எந்தச் செமஸ்டரில்? இடத்தை மாணவனே தேடவேண்டுமா?
6. கிரெடிட் வங்கியில் என் கிரெடிட் சேர்ந்திருப்பதை எப்படிப் பார்ப்பது?

ஓர் ஆசிரியர் நேரமில்லை என்றால் துறைத் தலைவரிடம் போகலாம். அவரும் இல்லையென்றால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். தானியேலுக்கும் முதல் வாசல் திறக்கவில்லை என்பதை நினைவுகூருங்கள்.

பாடத்தைத் தெரிந்தெடுக்கும்போது மராட்டியைத் தாழ்வாக எண்ணாதீர்கள். தாராவித் தெருவில் பேசும் மொழி வேறு. விண்ணப்பம் எழுதவும் அலுவலகக் கடிதம் வாசிக்கவும் வேண்டிய மொழி வேறு. இந்த மாநிலத்தில் வேலைசெய்து குடியிருக்கப்போகிற பிள்ளைக்கு அது ஆயுள்முழுதும் உதவும். பாபிலோனில் வாலிபர்கள் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றது தேவனுக்கு விரோதமாக இருக்கவில்லையே.

சபை செய்யக்கூடியது

மோசே காலைமுதல் மாலைமட்டும் தனியே இருந்து நியாயம் விசாரித்தபோது, அவனுடைய மாமன் எத்திரோ, பாரத்தைப் பகிர்ந்துகொள்ளத் திறமையுள்ளவர்களை ஏற்படுத்தச் சொன்னான். கல்விக் காரியத்திலும் போதகர் ஒருவரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பட்டம் முடித்து வேலையில் இருக்கும் மூத்த வாலிபர் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். வணிகவியல் படித்த ஒருவர், கணினி படித்த ஒருவர், செவிலியர் படிப்பை முடித்த சகோதரி ஒருவர் என்று மூன்றுபேர் போதும். செமஸ்டர் தொடங்கும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஒருமணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளின் பாடப்பட்டியலை அவர்களோடு உட்கார்ந்து பார்க்கட்டும். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்கு என்ன கட்டணம், எந்த ஆவணம் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கு அது பாதை காட்டும். தேர்வில் தவறி, மறுபடி எழுதித் தேறிய பிள்ளையையும் சாட்சி சொல்ல அழையுங்கள். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சாட்சி பெரிய தைரியத்தைத் தரும்.

செலவில்லாத ஊழியம் இது. கட்டடம் வேண்டாம், பதிவு வேண்டாம். தன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு, 'நீ தெரிந்தெடுத்தது என்ன, காட்டு பார்க்கலாம்' என்று கேட்க ஓர் அண்ணனோ அக்காளோ வேண்டும்.

இந்த மாதம் உங்கள் பிள்ளைக்காக ஜெபிக்கும்போது, அவன் படிக்கிற பாடங்களின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பெயர் தெரியாவிட்டால் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாபிலோனில் தம்முடைய பிள்ளைகளுக்கு அறிவையும் சாமர்த்தியத்தையும் அருளிய தேவன், மும்பை மாநகரத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் நல்ல ஆலோசனையையும், அதைக் கேட்கிற தாழ்மையையும், தொடங்கினதை முடிக்கிற பெலனையும் தந்தருளுவாராக. ஆமென்.